மெனுவில் கரையும் பாடவேளை

கல்வி மென்பொருள் ஒன்றை யாராவது அறிமுகப்படுத்தினால் முதலில் வந்து விழுவது எண்ணிக்கைதான். இத்தனை பாடங்கள், இத்தனை காணொளிகள், வினா வங்கியில் இத்தனை ஆயிரம் கேள்விகள். அதில் இன்றைக்கு வேண்டிய ஒன்றை ஒரு மாணவி எப்படிப் போய்ச் சேருவாள் என்று கேட்டால் மட்டும் பேச்சு கொஞ்சம் தடுமாறும். "அதெல்லாம் மெனுவிலேயே இருக்கு" என்பார்கள். இருக்கிறதுதான். எல்லாமே மெனுவில் இருக்கிறது, அதுதான் சிக்கலே.

இப்படிப்பட்ட மென்பொருள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்து, எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கேட்பதற்கு ஏதோ பெரிய ஆய்வு போலத் தெரியும். நடைமுறையில், நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் இருப்பதுதான் வேலை. "அதோ, அந்த மூலையில் பார்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிடும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கணிதப் பயிற்சி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இதே மாதிரி இன்னும் பல இருக்கின்றன. பத்து வயதுப் பெண். போன வாரம் பின்னங்களைக் கூட்டும் பயிற்சியில் பாதியில் நிறுத்தியிருக்கிறாள். லாகின் செய்ததும் முகப்புத் திரையில் ஆறு பெரிய கட்டங்கள்: 'கற்றல் வளங்கள்', 'மதிப்பீடுகள்', 'செயல்பாடுகள்', 'என் முன்னேற்றம்', 'நூலகம்', 'அறிவிப்புகள்'. பின்னம் இதில் எதற்குள் இருக்கும்? அவள் 'செயல்பாடுகள்' என்பதைத் தட்டினாள், விளையாட்டுகள் வந்தன. திரும்பினாள். 'மதிப்பீடுகள்' திறந்தால் மாதத் தேர்வு அட்டவணை. திரும்பினாள். கடைசியில் 'கற்றல் வளங்கள்' வழியாக வகுப்பு, பாடம், அலகு, தலைப்பு என்று ஒவ்வொன்றாக இறங்கி, அங்கே 'பயிற்சி' என்ற சின்ன டேப்பைக் கண்டுபிடித்தாள். தட்டினால் முதல் கேள்வி. "மிஸ், திருப்பியும் முதல்லேர்ந்து வருது."

போன வாரம் விட்ட இடம் மென்பொருளுக்குத் தெரியாமல் இல்லை. 'என் முன்னேற்றம்' என்ற கட்டத்துக்குள், ஒரு வட்ட வரைபடத்துக்குக் கீழே, 'தொடர்க' என்று ஒரு இணைப்பு இருந்தது. அங்கே போய்த் தேட வேண்டும் என்று எந்தப் பத்து வயதுக்குத் தோன்றும்?

அந்த ஆறு கட்டங்களும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும். உள்ளடக்கக் குழு ஒன்று, தேர்வுக் குழு ஒன்று, விளையாட்டுகளை எழுதிய குழு ஒன்று. யார் யார் எதை எதைச் செய்தார்களோ அந்தப் பிரிவினை அப்படியே முகப்பில் ஏறி நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுப்பவர் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. அவர் முன்னால் விளக்கிக் காட்டும்போது ஆறு கட்டங்களும் ஆறு வசதிகளாகப் பளிச்சென்று தெரியும். 'தொடர்க' என்று ஒரே ஒரு பெரிய பட்டன் மட்டும் இருந்தால், "வேற ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டுவிடுவார். மெனு அவருக்காகப் போடப்பட்டது. மாணவிக்கு அதில் இடமில்லை.

கல்வி மென்பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: இதன் பயனர் கடைசிவரை புதியவராகவே இருக்கிறார். கணக்கு எழுதும் மென்பொருளில் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். மெனு எவ்வளவு கோணலாக இருந்தாலும் சில மாதத்தில் விரலுக்குப் பழகிவிடும். மாணவர் வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளை வருவார், நடுவில் விடுமுறை, தேர்வு. கொஞ்சம் கை பழகும் நேரத்தில் ஆண்டு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் வேறொரு பிள்ளை. ஆகவே 'பழகினால் சரியாகிவிடும்' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அதோடு இன்னொன்று. கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த அறிவாற்றல் சுமைக் கோட்பாடு, ஒரு நேரத்தில் மனம் கையாளக்கூடிய அளவு மிகக் குறைவு என்பதிலிருந்து தொடங்குகிறது. பின்னத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அதே இடத்தைத்தான் 'இப்போது எங்கே இருக்கிறேன், எப்படித் திரும்புவது' என்ற யோசனையும் பிடித்துக்கொள்கிறது. அலுவலக மென்பொருளில் மோசமான மெனு நேரத்தைத் தின்னும். இங்கே அது பாடத்தைத் தின்கிறது.

சரி, மெனுவை எப்படி அடுக்குவது? இந்த இடத்தில் யாராவது ஒருவர் 'ஏழு' என்பார். ஒரு மெனுவில் ஏழு உருப்படிக்கு மேல் இருக்கக்கூடாதாம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கழன்று வந்த எண் அது. அவர் அதில் பேசியது கேட்டதை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது போன்ற வேலைகளின் எல்லையைப் பற்றி. மெனு கண்முன்னால் இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனாலும் அந்த எண்ணுக்குப் பயந்து, இருபது தலைப்புகளை மூன்று மூன்றாகக் கட்டி நான்கு அடுக்குக்குள் புதைத்துவிடுகிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது ஏறக்குறைய நேரெதிர். 1981-இல் டுவைட் மில்லர் 64 உருப்படிகளைப் பலவிதமாக அடுக்கிச் சோதித்தார். இரண்டிரண்டாக ஆறு அடுக்கு, நான்கு நான்காக மூன்று அடுக்கு, எட்டெட்டாக இரண்டு அடுக்கு, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக. எட்டெட்டாக இரண்டு அடுக்கு என்பதே சிறப்பாக வந்தது. 1998-இல் கெவின் லார்சன், மேரி செர்வின்ஸ்கி இருவரும் 512 வலைப்பக்கங்களை வைத்துப் பார்த்தபோது, எட்டெட்டாக மூன்று அடுக்கு இருந்ததுதான் மிக மெதுவாக இருந்தது. முதலில் 16, அதற்குள் 32 என்ற இரண்டு அடுக்கு அதைவிட வேகம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பொத்தாம்பொதுவான தலைப்பைப் பார்த்து 'இதற்குள் இருக்குமோ' என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் ஒரு முறை தவறினால் அதற்குக் கீழே போனதெல்லாம் வீண். 'செயல்பாடுகள்' என்பதற்குள் அந்தப் பெண் போய்த் திரும்பியது இதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. மேரிலாந்து பல்கலைக்கழகம் பங்கேற்று 2002-இல் தொடங்கிய சர்வதேசக் குழந்தைகள் மின்நூலகத்தில், நூலகர்கள் வைக்கும் பொருள்வாரிப் பகுப்போடு அட்டையின் நிறம், புத்தகத்தின் தடிமன் போன்றவற்றையும் வழியாக வைத்தார்கள். 'அந்தச் சிவப்புப் புத்தகம்' என்றுதானே பிள்ளைகள் கேட்பார்கள். அடுக்கடுக்காக உள்ளே போகும் பட்டியலைவிட, எல்லாத் தலைப்புகளும் ஒரே திரையில் தட்டையாகத் தெரியும் அமைப்பையே குழந்தைகள் எளிதாகக் கையாண்டார்கள் என்பது அந்தக் குழு கண்டது. அதற்காக நாற்பது ஐகான்களைக் கொட்டி வைத்தால் போதும் என்று பொருளில்லை. கண் ஒரு பார்வையில் பிரித்துக்கொள்ளும்படி குழுக் குழுவாக, நிறத்தாலோ இடைவெளியாலோ பிரிந்திருக்க வேண்டும்.

இதில் தீவு வரைபட மெனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடல், நடுவில் தீவுகள், ஒவ்வொரு தீவும் ஒரு பாடம். முதல் நாள் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். மூன்றாவது வாரம் அந்தப் படகு மெல்ல மிதந்து பெருக்கல் தீவைச் சேரும்வரை பக்கத்து நாற்காலிக்காரனைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். தவறான தீவைத் தட்டிவிட்டால் படகு அங்கே போய்ச் சேர்ந்து, பிறகு திரும்ப வேண்டும். எனக்கு இந்த வகை மெனுவின் மேல் தனிப்பட்ட விரோதமே உண்டு.

இனி, நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மெனு அசையக்கூடாது.

வகுப்பறையில் மெனுவைப் படிப்பது ஒரு தனி மனிதர் இல்லை. ஆசிரியர் முன்னால் நின்று, முப்பது நாற்பது திரைகளுக்கும் சேர்த்து வாயால் வழி சொல்கிறார். "இடது பக்கம், மேலேர்ந்து மூணாவது, நீல கலர்ல இருக்கும் பாரு, அதைத் தட்டு." எல்லாத் திரையிலும் மூன்றாவது நீலமாக இருந்தால் பாடம் நகரும். ஒவ்வொருவரின் பழக்கத்துக்கு ஏற்ப மெனு தன்னைத்தானே மாற்றி அடுக்கிக்கொண்டால், ஆளுக்கொரு மூன்றாவது. உடனே பத்துக் கைகள் உயரும்.

தானாக மாறும் மெனுக்களை அலுவலக உலகமே ஒரு முறை முயன்று பார்த்துக் கைவிட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000-இல், அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளை மெனு மறைத்துக்கொள்ளும். கீழே உள்ள இரட்டை அம்புக்குறியைத் தட்டினால்தான் முழுப் பட்டியலும் வரும். நேற்றுப் பார்த்த கட்டளை இன்று காணாமல் போவது பலருக்கும் எரிச்சலைத்தான் கொடுத்தது. 2007-இல், கட்டளைகளைத் திரையின் மேலே டேப்களாக விரித்து வைக்கும் ரிப்பன் வந்தபோது அந்த ஏற்பாடு போய்விட்டது. அதற்கெல்லாம் முன்பே, 1989-இல், மிட்செல், ஷ்னைடர்மேன் இருவரும் பயன்பாட்டுக்கு ஏற்ப வரிசை மாறும் மெனுவையும் நிலையான மெனுவையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் விரும்பியது நிலையானதைத்தான். இன்று அதே சரக்கு 'உங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை' என்ற பெயரில் கல்விச் செயலிகளின் முகப்பில் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. பரிந்துரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கென்று ஒரு நிலையான இடம் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் இருந்தால் போதும்.

அசையாத திரைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் டக்ஸ் பெயின்ட். சின்னப் பிள்ளைகளுக்கான ஓவிய மென்பொருள், 2002-இல் வெளிவந்தது, இலவசம். இடது ஓரத்தில் கருவிகள். ஒரு கருவியைத் தட்டினால் அதற்கான தெரிவுகள் வலது ஓரத்தில் வரும்: தூரிகை என்றால் தூரிகை வகைகள், முத்திரை என்றால் முத்திரைப் படங்கள். நிறங்கள் கீழே. அதற்கும் கீழே ஒரு பென்குவின் நின்றுகொண்டு, இப்போது என்ன செய்யலாம் என்று ஒரு வரி சொல்லும். இழுத்துத் திறக்கும் மெனு கிடையாது. சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது. திறக்கும்போது வரைந்த படங்களையே சின்னச் சின்னதாகக் காட்டும், வேண்டியதைத் தொட்டால் போதும். எழுத்தே தெரியாத பிள்ளைகூட நேற்றைய படத்தை எடுத்துத் தொடர்ந்து வரையும். பார்ப்பதற்குப் பழைய பாணியாகத்தான் இருக்கும், அதனால் என்ன?

அப்படியானால் நிறைய வசதிகள் உள்ள மென்பொருள் என்ன செய்வது? எல்லாவற்றையும் காட்டினால் மிரட்டும், மறைத்தால் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு 1984-லேயே ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கரோலும் கரோலின் காரிதர்ஸும் ஒரு வழி பார்த்தார்கள். சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பின்சக்கரத்தோடு இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டிவிடுவோமே, அந்தப் பெயரையே வைத்து ஒரு சொற்செயலியை மாற்றி அமைத்தார்கள். மெனுவில் எல்லாம் அதனதன் இடத்திலேயே தெரியும். ஆனால் புதியவர்கள் வழக்கமாகப் போய் மாட்டிக்கொள்ளும் கட்டளைகளைத் தட்டினால், இப்போதைக்கு இது கிடையாது என்று ஒரு செய்தி மட்டும் வரும். முழு வடிவத்தில் பழகியவர்களைவிட இவர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கினார்கள், தவறுகளில் சிக்கி வீணாக்கிய நேரமும் குறைவு. கணிதம் கற்பிக்கும் மென்பொருளான ஜியோஜீப்ராவின் இன்றைய இணைய வடிவம் வேறு மாதிரி செய்கிறது: அடிப்படைக் கருவிகளை மட்டும் முதலில் காட்டி, 'மேலும்' என்று தட்டினால் மற்றவற்றை அவற்றுக்குக் கீழே சேர்க்கிறது. ஏற்கெனவே இருந்தவை இருந்த இடத்திலேயே நிற்கின்றன. எனக்கு இந்த முறை பிடிக்கும்.

ஆனால் 'மேலும்' என்பதற்குப் பின்னால் எது போகிறது என்பதில் கவனம் வேண்டும். கட்டளைக் கட்டைகளை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச்சின் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தபோது, பழைய பதிப்புகளில் மற்ற பிரிவுகளோடு வரிசையாக இருந்த 'பேனா' கட்டைகள் நீட்சிப் பகுதிக்குப் போய்விட்டன. இடது கீழ் மூலையில் உள்ள பட்டனைத் தட்டி, அங்கிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். புதியவர்களுக்குப் பட்டியல் சற்று இலகுவானது உண்மை. சதுரம், முக்கோணம் வரைய வைத்து வடிவியல் நடத்தும் ஆசிரியருக்கோ பாடத்தின் முதல் வரியே காணாமல் போனது போல இருந்திருக்கும். நியாயம் இரண்டு பக்கமும் உண்டு. நான் செய்திருந்தால் பேனாவை அதே இடத்தில் விட்டிருப்பேன்.

கையைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் மெனுவை வடிவமைப்பவர்களின் கை பெரியது, பழகியது. மேல்தோன்றும் துணை மெனுவை எடுத்துக்கொள்ளுங்கள். 'அறிவியல்' மேல் சுட்டியைக் கொண்டுபோனால் வலது பக்கம் ஒரு பட்டியல் விரிகிறது. அதில் கடைசியில் இருக்கும் 'ஒளி' வேண்டும். பெரியவர்கள் கிடையாக நகர்ந்து பிறகு கீழே இறங்குவார்கள். பிள்ளை நேராகக் குறுக்கே இழுக்கும். வழியில் 'சமூக அறிவியல்' மேல் சுட்டி ஒரு கணம் பட்டதும் முதல் பட்டியல் மூடி வேறொன்று திறந்துவிடும். மறுபடி முயலும், மறுபடி மூடும். மேக் கணினிகளில் இதற்கு எப்போதோ தீர்வு கண்டுவிட்டார்கள்: சுட்டி துணைப் பட்டியலை நோக்கிச் சாய்வாக நகர்ந்துகொண்டிருக்கும்வரை அதை மூடாமல் வைத்திருப்பது. இன்றும் அதைச் செய்யாத மெனுக்கள் ஏராளம். தொடுதிரையில் மேலே கொண்டுபோய் நிறுத்துவது என்ற செயலே கிடையாது என்பதால், கல்வி மென்பொருளில் விரியும் துணை மெனுவை அடியோடு விட்டுவிடலாம்.

மூன்று கோடு ஐகான் இன்னொன்று. 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது, கைபேசிக் காலத்தில் மறுபிறவி எடுத்தது. இடமில்லாத கைபேசித் திரையில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அகலமான கணினித் திரையில், பக்கத்தில் அத்தனை வெற்றிடத்தை வைத்துக்கொண்டு, ஐந்தே ஐந்து தலைப்புகளை அதற்குள் ஒளித்து வைப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பட்டனின் அளவுக்கும் வரையறைகள் இருக்கின்றன. 2023-இல் வந்த வலை அணுகல்தன்மை வழிகாட்டி 2.2 குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது, ஆப்பிள் 44 புள்ளி, ஆண்ட்ராய்டு 48. சின்னக் குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிதாகவே வையுங்கள். டேப்லெட்டின் கீழ் ஓரத்தில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம். பிள்ளைகள் மணிக்கட்டை அங்கேதான் ஊன்றுவார்கள், பயிற்சியின் நடுவில் முகப்புக்குப் போய்விடும்.

தமிழில் மெனு போடுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு வெட்டிய பட்டனில் தமிழ்த் தலைப்பு நுழையாது. 'மதிப்பீட்டு முடிவுகள்', 'மதிப்பீட்டு முன்னோட்டம்' இரண்டும் 'மதிப்பீட்டு மு...' என்று அடுத்தடுத்து நின்றதை ஒரு திரையில் பார்த்திருக்கிறேன். பட்டனை நீளவிடுங்கள், அல்லது இரண்டு வரியாக்குங்கள்.

தேடல் பெட்டி இருக்கிறதே, பிறகு மெனு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எழுத்துப்பிழையோடு தட்டினாலும் கண்டுபிடித்துக் கொடுக்கும் தேடலாக இருந்தால் பெரிய பிள்ளைகளுக்கு உதவும். தேட வேண்டியதன் பெயரையே இனிமேல்தான் கற்கப்போகிறவருக்கு அது எப்படிப் போதும்?

ஆசிரியரின் மெனு தனிக்கதை. மாணவரின் மெனுவையே கொடுத்து, கூடுதலாகப் பத்து உருப்படிகளை ஒட்டிவிடுவது வழக்கம். மாணவர் பக்கத்தில் அந்தப் பத்தும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். தட்ட முடியாது என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் அதிகமாகத் தட்டுவார்கள், அது வேறு. ஆசிரியருக்கு வேண்டியது வேறு வழிகள்: யார் எங்கே நிற்கிறார்கள், இன்றைக்கு எல்லாரையும் ஒரே பயிற்சிக்குக் கொண்டுபோவது, இரண்டையும் ஒரே தட்டில். மாணவர் திரையில் என்ன தெரிகிறது என்று தன் திரையிலேயே பார்க்க ஒரு வழியும் இருந்தால், "உன் திரையில என்ன இருக்கு, படி" என்று கத்த வேண்டியிருக்காது.

இதையெல்லாம் சோதிக்க மென்பொருள் தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மெனுவின் தலைப்புகளைத் தாளில் எழுதி, ஒரு அடுக்குக்கு ஒரு தாள் என்று வைத்து, "போன வாரம் விட்ட கணக்கைத் தொடரணும், எதைத் தொடுவே?" என்று கேளுங்கள். படம், நிறம், அனிமேஷன் எதுவும் இல்லாமல், பெயரும் அடுக்கும் மட்டும் சோதனைக்கு வரும். கேள்வியில் மெனுவில் உள்ள சொல்லையே போட்டுவிடாதீர்கள். 'மதிப்பீட்டைத் திற' என்று கேட்டால் 'மதிப்பீடுகள்' என்பதைத்தான் காட்டுவார்கள். பிள்ளைகள் கைகாட்டும் முதல் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால், பத்துப் பேருக்குள் எந்தத் தலைப்பு குழப்புகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஆறு கட்டங்களை இப்படி ஒரு மதியம் தாளில் வைத்திருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று, மாற்றும் நேரத்தைப் பற்றி. பள்ளி, கல்லூரிகள் இணையத்தில் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மூடுல் 2022 ஏப்ரலில் தன் நான்காம் பதிப்பில் வழிசெலுத்தலைப் பெரிய அளவில் மாற்றியது. பற்சக்கர ஐகானுக்குள் இருந்தவை பக்கத்தின் மேலே டேப்களாக வந்தன, பாடத்தின் முழு அட்டவணையும் இடது பக்கம் நிலையாக வந்து நின்றது. நல்ல மாற்றம், நானே பலரிடம் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட மாற்றம் ஒன்று பருவத்தின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை வந்து இறங்கினால், ஆசிரியர் திரையைப் படம்பிடித்து, அம்புக்குறி போட்டு, அச்சடித்துக் கொடுத்த வழிகாட்டித் தாள் அத்தனையும் அன்றே குப்பை. விடுமுறையில் மாற்றுங்கள். பழைய இடத்தில், 'இது இப்போது இங்கே இருக்கிறது' என்று ஒரு இணைப்பை அந்த ஆண்டு முழுதும் விட்டுவையுங்கள். புதிய திரைகளின் படங்களை ஒரு மாதம் முன்னதாகவே ஆசிரியர்களுக்கு அனுப்பிவிடுங்கள், தாளை அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.